காணாமல் போன முட்டைகள்

எதிர்வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து குழைத்த கொத்தனார் அதில் முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றினார். எனக்குச் சிறுவயதில் நாங்கள் இருந்த குருசுக்குப்பம் வீடு நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் கோழிகள் இட்ட முட்டைகள் தினமும் காணாமல் போயின. அம்மா என்னைத்தான் சந்தேகப்பட்டாள். “வாயத் தெறடி, மோந்து பாக்குறேன்” என்பாள். அப்பா கூடத்துச் சுவருக்குச் சாந்து பூசிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் சாந்துத் தொட்டிக்குப் பின்னால் முட்டை ஓடுகளைப் பார்த்துவிட்டேன்.

“நீயாப்பா எடுத்த?”

“செவுரு பளபளன்னு வரணும்ல. அம்மாகிட்ட சொல்லிடாத.”

நான் சொல்லவில்லை. மறுநாளும் அம்மா என் வாயை மோந்தாள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து அவர் சொல்வதை நான் அப்படியே நம்புவதில்லை.

இன்று காலையும், “மாத்திரை போட்டுட்டேம்மா” என்றார். நான் அட்டையை எடுத்துப் பார்த்தேன். உண்மையிலேயே போட்டிருந்தார்.