ஷாஹிதா தோற்ற வாக்கெடுப்பு

மந்தைவெளி ஸ்டேஷன் படியேறிக்கொண்டிருந்தபோது ஷாஹிதாவின் தம்பி போனில் கூப்பிட்டான். “அக்கா, ஆபா போயிட்டாங்க” என்றான். ஷாஹிதாவை அவன் ஆபா என்றுதான் கூப்பிடுவான். நான் ஏறவேண்டிய ரயில் வந்து, போய்விட்டது.

அடையாறு அலுவலகத்தில் பதினோரு வருடம் அவளுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அவள் சிரிப்பு, இன்று அவளுக்காக இங்கே கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் சண்டையும் தெரியும். அது எப்படி முடிந்தது என்பது பாதிதான் தெரியும்.

டயாலிசிஸ் மையங்களுக்கு நாம் செய்த மென்பொருளில், அந்தந்த மையத்தில் எது எப்படி நடக்கவேண்டும் என்று எழுதிவைக்க, மையத்துக்கு ஒரு செட்டிங்ஸ் ஃபைல். ஒவ்வொரு குழுவும் அதை ஒவ்வொரு விதமாக எழுதிவந்தது. இனி ஒரே ஃபார்மட் என்று முடிவானபோது, வரிகளை உள்தள்ளி எழுதும் ஃபார்மட்டை, பார்க்க அழகாக இருக்கும் என்று, நான் கேட்டேன். பெயர், சமக்குறி, மதிப்பு என்று நேராக எழுதினால் போதும் என்றாள் ஷாஹிதா. “அழகு இன்னாத்துக்குடி? தப்பா எழுதினா அது கத்தணும். கத்தாத ஃபைலு ஆபத்து.” நான் பேச்சில் கெட்டிக்காரி. கைதூக்கச் சொன்னபோது என் பக்கமே அதிகம்.

இரண்டு மாதம் கழித்து, நான் திருத்திய ஃபைலில் ஒரு வரி இரண்டு இடைவெளி தள்ளிப் போய்விட்டது. மென்பொருள் அந்த வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு ஓடியது. ஒரு மையத்தில் நோயாளிகளுக்கு டயாலிசிஸ் நாளுக்கான நினைவூட்டல் போகவில்லை. ஒரு பெரியவர் முறை தவறி, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பிழைத்துக்கொண்டார்.

பிழையைக் கண்டுபிடித்தவள் ஷாஹிதாதான். கூட்டத்தில் மேலாளர், “யார் பண்ணது?” என்றார். நான் குனிந்து என் நோட்டைப் புரட்டினேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஆளைத் தேடாதீங்க சார். ரெண்டு ஸ்பேஸ் பிசகினா கம்முனு போயிடுது இந்த ஃபார்மட்டு. அத மாத்துங்க.” பிறகு என்னோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஃபைலாக நேர் ஃபார்மட்டுக்கு மாற்றினாள். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

போன மாதம் ராயப்பேட்டை வீட்டில் அவளைப் பார்த்தேன். தலையணையோடு தலையணையாக இளைத்துக் கிடந்தாள். “இன்னும் எந்த டீம்டி பழைய ஃபார்மட்டுலருந்து மாறல?” என்று கேட்டாள். தப்பு என்னுடையது, அன்றைக்கு நான் எழுந்து நின்றிருக்க வேண்டும் என்று சொல்லத்தான் போயிருந்தேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

இப்போது நான் தவறினால், யார் முன்னால் என்றாலும் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். அது அவள் கொடுத்தது. அவளிடம் சொல்லாத அந்த ஒன்று மட்டும் என்னிடமே இருக்கிறது.