கிணற்றுக்குள் தொங்கிய நேர்த்தி

எங்கள் வீட்டுப் ‘பிறிஜ்’ ஓயும்போது ஒரு விக்கல் விக்கும். பகல் முழுக்க அடுப்படி மூலையில் நின்று உறுமிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைப் பெட்டி, ‘கறண்ட்’ நின்றதும் உடம்பை ஒருதரம் உதறி, ‘டுக்’ என்று விக்கி அடங்கிப்போகும். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து அதன் கதவை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பாள், உள்ளே இருக்கிற குளிர் கதவைத் திறந்துகொண்டு போய்விடும் என்பதுபோல. தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு காலைப்பொழுது அது விக்கியது. அதற்குப் பிறகு அது உறுமி நான் கேட்கவேயில்லை.

பண்டத்தரிப்பில் எங்கள் ஒழுங்கைக்குக் கறண்ட் நிற்பது புதினமில்லை. முந்திய சண்டைகளில் நாலு நாள், பத்து நாள் என்று நின்று பழகியிருந்ததால் எல்லாரும் பத்து நாளுக்கு ஆயத்தமானார்கள். கந்தோரில் கிளாக்கராக இருந்த ஐயா, ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். அம்மா நம்பவில்லை. அவளுக்கு வாயும் கையும் ஒரே வேகம். ஐயாவைப் பேசிக்கொண்டே பின்னேரத்துக்குள் வீட்டையே மாற்றிப்போட்டாள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப்புக்குக் காற்றடிக்கிற வால்கட்டையில் திரி கோத்து மூன்று விளக்குச் செய்தாள். தண்ணீர் இறைக்கிற மோட்டரைக் கழற்றிச் சாக்கில் சுற்றிவைத்தாள், கிணற்றுக்குப் பழைய கப்பியை மாட்டுவித்தாள். விறாந்தைப் பல்பின் சுவிட்சை மாத்திரம் போட்டபடியே விட்டாள்; கறண்ட் வந்தால் எங்களுக்குத் தெரியவேண்டுமாம். இவ்வளவையும் செய்துவிட்டு பிறிஜுக்கு முன்னால் வந்து நின்றவளுக்கு அதற்கு என்ன செய்வதென்று மட்டும் தெரியவில்லை.

அந்தப் பெட்டியை ஜேர்மனியிலிருந்த மாமா வாங்கித் தந்தது நாங்கள் ஐஸ் குடிப்பதற்காக இல்லை. என்னிலும் ஒன்பது வயது மூத்த அக்காவுக்குச் சிறுவயதிலேயே ‘சீனி வருத்தம்’. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டால்தான் அவள் நடமாடுவாள், போடாவிட்டால் இல்லை. இது எங்கள் நாலு பேரைத் தவிர ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கலியாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்கு வருத்தம் என்று வெளியே தெரிந்தால் யார் சாதகக் குறிப்புக் கேட்பார்கள்? மருந்துக் குப்பிகள் பிறிஜில் ஊறுகாய்ப் போத்தலுக்குப் பின்னால் இருந்தன என்பதால் வீட்டுக்குள்ளும் நாங்கள் அதை ‘ஊறுகாய்’ என்றே சொன்னோம். ஆட்கள் வந்திருக்கும்போது அம்மா “ஊறுகாய் எடுத்தாச்சோ, பிள்ளை?” என்று கேட்க, அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் எழும்பி உள்ளே போவாள்.

முதலில் அம்மா குப்பிகளை மண்சட்டியில் வைத்து, ஈர மணலுக்குள் புதைத்தாள். ஆடி வெயிலில் அந்த மணலும் கொதித்தது. காலையில் அக்காவின் சிறுநீரில் சில துளியை நீலமருந்தோடு கலந்து ஜாம் போத்தல் விளக்கில் சூடாக்கிப் பார்ப்பது வழக்கம். நீலமாகவே நின்றால் நல்லது, பச்சையானால் பரவாயில்லை. ஐந்தாம் நாள் அது எங்கள் கண்முன்னாலேயே பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டிச் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அம்மா அந்தக் குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தபடி ஒன்றும் பேசாமல் நின்றாள். அவள் பேசாமல் நின்றதைக் கண்டுதான் எனக்குப் பயம் வந்தது.

குளிர் இருக்கிற இடம் வளவில் ஒன்றுதான் என்று ஐயா கண்டுபிடித்தார். ஊறுகாய்ப் போத்தலைக் கழுவி, மிச்சக் குப்பிகளைப் பஞ்சில் சுற்றி உள்ளே வைத்து, நைலோன் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே தொங்கவிட்டார். மூன்றாம் நாள் நீலமருந்து பச்சையில் நின்றது. ஆனால் அது பங்குக் கிணறு. பாதி எங்கள் வளவிலும் பாதி பரமேசு மாமியின் வளவிலும் இருந்தது. கிடுகு வேலி இரண்டு பக்கமும் வந்து கிணற்றுக்கட்டில் முட்டி நிற்கும். ஊரில் எவருக்குத் தெரிந்தாலும் மாமிக்குத் தெரியக்கூடாது, ஏனென்றால் அக்காவின் குறிப்பைக் கேட்டிருந்தவளே மாமிதான். அவளுடைய ஒரே மகன் நேசன் அண்ணை ரியூட்டரியில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை, நல்ல குடும்பம் என்று அம்மா ஆசைப்பட்டிருந்தாள். ‘ரெண்டு சீவனுக்கு என்னத்துக்கு ஒரு பிறிஜ்’ என்பது மட்டும்தான் அந்த வீட்டில் அவள் கண்ட குறை.

என்ன அது தொங்குது என்று மாமி கேட்ட அன்று அம்மாவுக்கு வாயில் வந்த பொய், அது அம்மனுக்கு வைத்த நேர்த்திக்கடன் என்பது. என்ன நேர்த்தியென்று சொன்னால் பலிக்காது என்றும் சேர்த்துவிட்டாள். பொய்க்குப் பொருத்தமாகக் கயிற்றில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டினாள். காலையும் மாலையும் போத்தலை இழுக்கப் போகும்போது கையில் ஒரு செவ்வரத்தம்பூவும் கொண்டுபோனாள். இரண்டு கிழமை போகவில்லை, மாமியின் பக்கத்திலும் ஒரு கயிறு இறங்கியது, அதிலும் மஞ்சள் துணி. தனக்கும் ஒரு நேர்த்தி இருக்கிறதாம். அம்மா அடுப்படிக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேரும் ஒரே கலியாணத்துக்குத்தான் கும்பிடுகிறீர்கள் என்று ஐயா பகிடி பண்ணினார். அந்த ஆவணியில் எங்கள் வீட்டில் யாராவது சிரித்தது அந்த ஒருநாள்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு சிரிக்க ஒன்றுமில்லை. தெற்கிலிருந்து சாமான் வருகிற ஆனையிறவுப் பாதை மூடியாயிற்று. மண்ணெண்ணெய் இல்லை, ரேடியோவுக்குப் ‘பற்றரி’ இல்லை, மருந்துக்கடைகளின் தட்டுகள் ஒவ்வொன்றாய் வெறுமையாகின. கொழும்பிலிருந்த சித்தப்பாவுக்கு மருந்து கேட்டு ஐயா யார் யாரிடமோ கடிதம் கொடுத்துவிட்டார், பதில் வரவில்லை. போத்தலில் இரண்டு குப்பிதான் மிச்சம். தினமும் இரண்டுதரம் அம்மாவும் மாமியும் கையில் பூவோடு கிணற்றடியில் சந்தித்து, வெயிலைப் பற்றிக் கதைத்து, ஒருவர் போகும்வரை மற்றவர் கயிற்றைத் தொடாமல் நின்றார்கள். எனக்குப் பதினொரு வயது. நேர்த்திப் போத்தலை மாமி ஏன் எங்களைப்போலவே இரண்டுதரம் இழுக்கிறாள் என்று ஒருநாள்கூட நான் யோசிக்கவில்லை.

ஒரு காலையில் குண்டு போடுகிற ‘பொம்மர்’ வந்து சுற்றத் தொடங்கியது. ஒழுங்கை முழுதும் பங்கருக்குள் பாய்ந்தது. நான் பங்கரை மூடியிருந்த பனங்குற்றிகளுக்கிடையால் தலையை நீட்டிப் பார்த்தபோது, அம்மா பங்கரை விட்டுக் கிணற்றை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் மாமியும் ஓடினாள். குண்டு விழுந்து கிணறு தூர்ந்தால் எல்லாம் போய்விடுமே என்ற அதே பயம் இரண்டு பேருக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தார்கள். கயிறுகள் சுற்றிக்கொண்டன. கிணற்றுக்குள் கண்ணாடி கண்ணாடியில் மோதும் சத்தம் அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. அம்மாவின் கயிற்றில் வெறும் போத்தல்வாய் மாத்திரம் மேலே வந்தது.

அம்மா கிணற்றுக்கட்டில் அப்படியே இருந்துவிட்டாள். மாமிதான் முதலில் வாய் திறந்தாள். அம்மனுக்கு வேறொரு நேர்த்தி வைக்கலாம், முதலில் பங்கருக்குள் போ என்று அதட்டினாள்.

“அது நேர்த்தி இல்லையக்கா,” என்றாள் அம்மா. “பிள்ளையின்ரை ஊசிமருந்து. அவளுக்குச் சீனி வருத்தம். வேறை இல்லை.”

மாமி தன் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கக் கட்டில் இருந்தாள். பொம்மர் தலைக்கு மேலால் ஒருதரம் போய்த் திரும்பியது. அவள் மஞ்சள் துணியை அவிழ்த்து, மூடியைத் திருகி, பஞ்சுக்குள்ளிருந்து ஒரு குப்பியை எடுத்துக் காட்டினாள்.

“இதுக்குள்ளையும் உதுதான், தங்கச்சி. நேசனுக்கு.”

கொஞ்ச நாளுக்கு மருந்து போதும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மாமியிடம் மூன்று குப்பி இருந்தது. ஒளிப்பதற்கு இனி ஒன்றுமில்லாததால் ஒரே போத்தல், ஒரே கயிறு, காலையில் கிணற்றடியிலேயே ஊசி. அக்கா எங்கள் பக்கத்திலும் நேசன் அண்ணை தங்கள் பக்கத்திலும் நிற்க, அவித்த ஊசிகளோடு அம்மா நடுவில் நிற்பாள். கலியாணப் பேச்சை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. அளவைக் கொஞ்சம் குறைத்தால் சித்தப்பாவின் மருந்து வரும்வரை இரண்டு பேரும் தாங்கலாம் என்று ஐயா கணக்குச் சொன்னார். நேசன் அண்ணை தலையாட்டினார். தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்வதாக அவர் சொன்னது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நான் வேலிக்கரையில் பூப் பறித்துக்கொண்டு நின்றபோது அவர் மருந்து இழுப்பதைக் கண்டேன். ஐயா சொன்ன கோடுவரை அவர் இழுக்கவில்லை. அதில் பாதிகூட இல்லை. நான் பார்ப்பதைக் கண்டுவிட்டுச் சிரித்தார்.

“நான் கணக்கு வாத்தி, பிள்ளை. உந்தக் கணக்கு ரெண்டு பேருக்குப் பிரியாது. ஒருத்தருக்கும் சொல்லாதை, என்ன?”

நான் சொல்லவில்லை. விளங்காத வயது என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம், எனக்கு விளங்கியது. அக்காவுக்குக் கூடக் கொஞ்சம் மிஞ்சும் என்று சந்தோசப்பட்டேன். அதுதான் உண்மை.

பத்து நாளில் அவர் ரியூட்டரிக்குப் போவதை நிறுத்தினார். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார். கடைசியில் அவர் மூச்சில் அளவுக்குமேல் பழுத்த பழத்தின் மணம் வந்ததாம். ஐயா ஒரு ட்ரக்டர் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கேயும் மருந்து தீர்ந்திருந்தது. சித்தப்பா அனுப்பிய மருந்து, ஈரத் துணியில் சுற்றி ஆள்மாறி ஆள்மாறி வந்து சேர்ந்தபோது நேசன் அண்ணையின் செத்தவீட்டு எட்டுச் சிலவும் முடிந்திருந்தது. அம்மா அதில் ஒரு குப்பியை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனாள், எதற்கென்று தெரியாமலே. மாமி அதை வாங்கி, போத்தலுக்குள் வைத்துக் கிணற்றுக்குள் இறக்கி, தன் மஞ்சள் துணியைக் கப்பி மரத்தில் கட்டினாள். பிள்ளைக்கு நேரத்துக்கு எடுத்துப் போடு என்றாளாம்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி எல்லாரும் ஊரைவிட்டு நடந்தபோது போத்தலைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு அக்கா நடந்தாள். மாமி கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கண்ணை மூடினாள். அம்மாவும் ஐயாவும் இன்று இல்லை. அக்கா லண்டனில், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். பிறிஜை யாரோ எப்போதோ கொண்டுபோய்விட்டார்கள். சுவிட்ச் இருந்த சுவர் இல்லை, கிடுகு வேலி இருந்த இடத்தில் மதில். கிணறு மட்டும் இருக்கிறது. கப்பி மரம் முழுக்க மஞ்சள் துணிகள், எண்ண முடியாத அளவு. சிலதில் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் போத்தல்கள் தொங்கின. இது நேர்த்திக் கிணறு, கலியாணம் சரிவரும் என்று இப்போது அங்கே குடியிருக்கிற பெண் எனக்கே விளக்கம் சொன்னாள். முந்தியொரு தாய் இங்கே அம்மனுக்கு வைத்த நேர்த்தியாம். அம்மாவின் பொய் எங்கள் எல்லாரையும் தாண்டி அங்கே குடியிருந்தது. நேசன் அண்ணையின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அக்காவுக்கு ‘போன்’ எடுத்து, இவ்வளவையும் அறுத்து எறியப்போகிறேன் என்றேன். நேசன் அண்ணை தன் ஊசியில் பாதிகூட இழுக்காததை நான் அவளுக்கு அன்றும் சொல்லவில்லை, இதை வாசித்துத்தான் அவள் அறிவாள். அவளுடைய அடுப்படியில் பிறிஜ் உறுமுவது எனக்குக் கேட்டது.

“அவிட்டிடாதை,” என்றாள் அக்கா. “ஆரின்ரையோ மருந்தாயிருக்கும்.”