எதிர்வீட்டுச் சாவும் நூலக விழாவும்

எண்பதுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்தில், திண்டிவனத்தில் நடந்தது இது. அப்போது நான் படிப்பை முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, இன்டர்வியூ கார்டு வரும் வரும் என்று காத்திருந்தேன். வீட்டில் இருந்தால் இன்றைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அதற்குப் பயந்தே, சாப்பிட்ட கை காய்வதற்குள் எங்கள் தெருக் கிளை நூலகத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். வாடகை ஓட்டு வீட்டில் இருந்த சின்ன நூலகம் அது. சில பெஞ்சுகள், சில அலமாரிகள், ஓடாத ஒரு கடிகாரம். வேறு பெருமை ஒன்றும் கிடையாது.

அந்த நூலகத்துக்குத்தான் ஆபத்து வந்தது. வருகிறவர்கள் குறைவு, கிளையை மூடிவிட்டுப் புத்தகங்களை ஊரின் பெரிய நூலகத்தோடு சேர்த்துவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது. பெரிய நூலகம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. எனக்கென்ன, சைக்கிளை மிதித்தால் போய்விடுவேன். எங்கள் தெருப் பெண்களும் குழந்தைகளும் கேட்டைத் தாண்டிப் போகமாட்டார்கள், வீட்டிலும் விடமாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை நூலகம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும்.

எங்கள் நூலகர் அதிகம் பேசாத மனிதர். நூலக வார விழாவை மூன்று நாள் நடத்துவோம், பெரியவர் சிறியவர் எல்லாரையும் உள்ளே இழுப்போம், கடைசி நாள் மாவட்ட அதிகாரியை அழைப்போம், கூட்டத்தை அவரே கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். விழுப்புரம் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. அதிகாரி கடலூரிலிருந்து பஸ் மாறி வரவேண்டும். வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

முதல் நாள், கண் மங்கிய பெரியவர்களுக்குச் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டும் நிகழ்ச்சி. படித்தவன் நான். வந்தவர்களே கொஞ்சம், அதிலும் சிலர் நான் தலைப்புச் செய்தியை முடிப்பதற்குள் தூங்கிவிட்டார்கள். இரண்டாம் நாள் பெண்களுக்குக் கோலப்போட்டி. புள்ளி வைத்து முடித்த நேரம் பார்த்து மழை கொட்டியது. கோலமும் போயிற்று, பெண்களும் போனார்கள். மிச்சம் இருந்தது மூன்றாம் நாள். காலையில் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி, அதன் பிறகு மைக் வைத்துப் பொதுக்கூட்டம். அன்றைக்குத்தான் அதிகாரியும் வருகிறார்.

அன்று விடியற்காலையில் எதிர்வீட்டுப் பெரியவர் இறந்துபோனார்.

கூட்டேரிப்பட்டுப் பக்கம் நிலம் வைத்திருந்தவர். நூலகத்துக்குள் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. நாங்கள் அவர் வாசலில் சைக்கிள் நிறுத்துகிறோம் என்று பலமுறை சண்டைக்கு வந்திருக்கிறார். ஆனாலும் தெருவில் பிணம் கிடக்கும்போது விழா எப்படி நடத்துவது? பிணம் எடுக்கும்வரை அக்கம்பக்கத்தில் அடுப்பே மூட்டமாட்டார்கள். பெங்களூரிலிருந்து மகன் வந்த பிறகு, சாயங்காலம்தான் எடுப்பார்கள் என்று தெரிந்தது. அதிகாரியோ பஸ் ஏறியிருப்பார், தடுக்க வழியில்லை. எங்கள் வாசகர் வட்டத் தலைவர், ஓய்வுபெற்ற குமாஸ்தா, ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள் என்று. நான் படம் வரையும் தாள்களைக் கட்டி அலமாரிமேல் ஏற்றினேன். நூலகர் நாற்காலிகளை மடக்கினார். நூலகத்தின் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் தெருவைக் கடந்து வந்தார். இறந்தவரின் மகள். கண்டமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவர், செய்தி கேட்டதும் கிடைத்த பஸ்ஸில் வந்திருந்தார். தலை கலைந்து, அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது.

“சார், வெளியூர் ஜனம் வந்துக்கினே இருக்குது. மழ வேற தூறுது. வயசானவங்க கொஞ்ச நேரம் இங்க உட்காந்துக்கட்டுங்களா?”

நூலகர் பதில் சொல்வதற்குள் தலைவர் அவரைத் தனியாக இழுத்தார். பிணத்தைத் தொட்டு அழுதவர்கள், குளிக்காமல் வந்து புத்தகத்தையும் பேப்பரையும் தொடுவார்கள், சரஸ்வதி இருக்கிற இடத்தில் தீட்டு ஆகாதா என்று கேட்டார். அவர் சொன்னதில் எங்களில் பலருக்கும் உடன்பாடுதான். எனக்கும்தான்.

நூலகர் மெதுவாகச் சொன்னார். “இது பொது நூலகம் சார். யாரையும் உள்ள வராதேன்னு சொல்ல எனக்கு ரூல் இல்ல.” சொல்லிவிட்டு, மடக்கிய நாற்காலிகளைத் திரும்பப் பிரித்துப் போட ஆரம்பித்தார்.

அந்தப் பெண் அலமாரிமேல் இருந்த தாள்கட்டைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். குழந்தைகளுக்குப் படப்போட்டி வைத்திருந்தோம், நிறுத்திவிட்டோம் என்றேன்.

“எங்களுக்கோசரமா நிறுத்தறீங்க? வேணாங்க. மைக்கு மட்டும் போடாதீங்க, போதும். எங்க வூட்டுப் புள்ளைங்க காலையிலேருந்து பசியில சுத்திக்கினு இருக்குதுங்க. அதுங்களையும் சேத்து உட்கார வச்சுக்கோங்க.”

சொன்னதோடு நிற்கவில்லை. போய் ஒரு பட்டாளத்தையே கையைப் பிடித்து அழைத்துவந்தார். பந்தலுக்குக் கீழே இருந்த அவருடைய அத்தைக்குப் பொறுக்கவில்லை.

“நடுவூட்ல அப்பன் கெடக்கறான், புள்ளைங்கள படம் போட இட்டுக்கினு போறியேடி!”

“அழுவறதுக்கு நாம இருக்கறோம் அத்தை. அதுங்க எதுக்கு?” என்றார் இவர். அவ்வளவுதான். திரும்பிப் போய்ப் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார்.

போட்டிக்கு வருகிற குழந்தைகளுக்காகத் தலைவர் வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வேகவைத்து வைத்திருந்தார்கள். அவர் வீடு வேறு தெருவில், அதனால் அடுப்பு எரிந்திருந்தது. தீட்டு பேசிய அதே மனிதர், பசிக்குது என்று குழந்தைகள் சொன்னதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் குண்டானோடு வந்து, கைநிறைய அள்ளி அள்ளிக் கொடுத்தார். மனுஷனை ஒரு பேச்சை வைத்து எடைபோடக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

போட்டியின் தலைப்பு ‘எங்கள் தெரு’. முன்பே முடிவு செய்தது, மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. தெருக் குழந்தைகளும் சாவு வீட்டுக் குழந்தைகளும் தரையில் கலந்து உட்கார்ந்து, மல்லாட்டைத் தோலைப் பக்கத்தில் குவித்துக்கொண்டு வரைந்தார்கள். பெஞ்சுகளில் துக்கத்துக்கு வந்த பெரியவர்கள். சும்மா எவ்வளவு நேரம் உட்கார முடியும்? ஆளுக்கொரு பேப்பரை எடுத்துப் பிரித்தார்கள். வெளியே மேளம், உள்ளே பேப்பர் புரளும் சத்தம். அந்த நூலகத்தில் அப்படி ஒரு கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்து சேர்ந்தார். தலைவர் ரோஜா மாலையோடு நிற்கிறார், போடவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. எதிரே பந்தலும் பாடை கட்டுவதும் அதிகாரியின் கண்ணில் படாமல் இருக்குமா? மாலையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு எதிர்வீட்டுக்குள் போய், முன்பின் தெரியாத அந்தப் பெரியவருக்குச் சாத்தினார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

உள்ளே வந்தவர், பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் தினமும் வருவீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் ஐயா என்று மனத்துக்குள் கெஞ்சினேன்.

“இல்லீங்க, எனக்கு ஊரு விழுப்புரம் பக்கம் காணைங்க. சாவுக்கு வந்தேன். எங்க ஊர்ல இந்த மாதிரி எடம் இல்லீங்க. இருந்தா வருவேன்.”

நூலகரும் மறைக்கவில்லை. வரைகிற குழந்தைகளில் பாதிப்பேர் சாவு வீட்டுக் குழந்தைகள் என்று அவராகவே சொன்னார். அதிகாரி தலையாட்டிவிட்டுத் தரையில் குனிந்து படங்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஏறக்குறைய எல்லாப் படத்திலும் பந்தல், மேளம், மாரடித்து அழும் பெண்கள். அதற்கு எதிரே, தவறாமல், ஓட்டுக்கூரை போட்ட நூலகமும் ஜன்னல் கொள்ளாத தலைகளும். கண்டமங்கலத்துப் பெண்ணின் மகள், தன் தாத்தா படத்தில் அப்போதுதான் ரோஜா மாலையைச் சேர்த்து முடித்திருந்தாள். இதை எனக்குத் தருகிறாயா என்று அதிகாரி கேட்டார்.

“தரமாட்டேன். எங்க தாத்தா. ஊருக்கு எடுத்துக்கினு போவணும்.”

அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு வாசலைப் பார்த்துச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பேச்சு, கூட்டம் எதுவும் நடக்கவில்லை. தூறலிலேயே பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

பொங்கல் முடிந்து, கிளை அதே இடத்தில் தொடரும் என்று உத்தரவு வந்தது. எதைப் பார்த்து அப்படி முடிவு செய்தார் என்று அதிகாரி சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நூலகர் அந்தச் செய்தியை எதிர்வீட்டில் சொல்லப் போனார். கருமாதி எல்லாம் முடிந்து மகள் எப்போதோ கண்டமங்கலம் போயிருந்தார். அவரை நான் மறுபடி பார்க்கவில்லை.

நல்ல மனசுக்காரப் பெண் என்று மட்டும்தான் அன்றைக்கு நினைத்தேன். பல வருடங்கள் கழித்து என் அப்பா இறந்தார். அன்று பகல் முழுவதும் என்னால் எழுந்துபோய் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை, பக்கத்தில் இருந்த என் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்கவும் தோன்றவில்லை. அப்பாவைத் தரையில் கிடத்திவிட்டு எழுந்து, தெருவைக் கடந்து, அடுத்தவர் விழாவை நடத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போக அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருந்திருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.