நாற்பத்தொரு ஃபைல்கள்

அலுவலகத்தில் அவரைக் கறார் என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. அவர் கண்டுகொள்வதில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலை வைத்திருக்கும் அலுவலகம் அது. ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவமனை ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல் அனுப்பும். எந்த விவரம் எங்கே, எப்படி இருக்க வேண்டும் என்று ஸ்கீமாவில் எழுதிவைத்தவர் கறார். அதை வைத்து ஃபைலைச் சரிபார்க்கும் பைத்தான் நிரலும் அவர் கைவேலைதான். பொருந்தினால் அன்றைய தேதியோடு பட்டியலில் ஏறும். பொருந்தாவிட்டால் ‘பொருந்தவில்லை’ என்ற ஒற்றை வரி மெயிலோடு திரும்பிப் போகும். பன்னிரண்டு வருடமாக இதில் தயவுதாட்சண்யம் கிடையாது. புகார் மெயில்களுக்கென்று தனி ஃபோல்டர் வைத்திருந்தார். அதைத் திறந்து பார்க்கும் வழக்கம் மட்டும் இல்லை.

அக்காவை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவதும் அவர்தான். பாசம் பொங்குகிறது என்றெல்லாம் சொல்லிவிட முடியாது. அதுவும் அவருக்கு ஒரு டைம்டேபிள். ஒருநாள் திரும்பும் வழியில், ஊசி குத்திக் குத்தித் தடித்த கையை மடியில் போட்டுக்கொண்டு அக்கா கேட்டாள்.

"லிஸ்ட்டுக்கு அனுப்பியாச்சுன்னு ஆஸ்பத்திரில சொல்லி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுடா. நான் எத்தனாவது ஆள்னு பாத்துச் சொல்லேன்."

மறுநாள் காலை பார்த்தார். அக்கா பட்டியலிலேயே இல்லை.

திரும்பிப் போன ஃபைல்களில் இருந்தாள். தினம் ஒன்றாக நாற்பத்தொன்று. விவரம் எல்லாம் சரி. மருத்துவமனையின் புது மென்பொருள் ரத்த வகையை முதலில் எழுதிவிட்டுப் பிறந்த தேதியை அடுத்து எழுதியிருந்தது. ஸ்கீமாவில் பிறந்த தேதிதான் முன்னால். எது முன்னால் இருந்தால் என்ன, யாருக்கும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. என்றைக்கோ ஒரு மதியம் அவர் அப்படி எழுதினார், அவ்வளவுதான். புகார் ஃபோல்டரில் மருத்துவமனை குமாஸ்தாவின் மெயில்கள் ஐந்து கிடந்தன, என்ன தப்பு என்று கேட்டு.

அவருக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது.

ஸ்கீமாவை மாற்றினார். பத்து நிமிட வேலை. அன்றைய தேதியோடு அக்கா பட்டியலில் ஏறினாள். இடைப்பட்ட நாட்களில் அவளுடைய ரத்த வகையில் மட்டும் பத்தொன்பது பேர் ஏறியிருந்தார்கள்.

மேனேஜரம்மாவிடம் போனார். "திரும்பிப் போன ஒரு ஃபைலுக்கு, அது முதல்ல வந்த தேதியைப் போடலாமா மேடம்?"

"பொருந்தாத ஃபைல் வராத ஃபைல்தான்னு நீங்கதானே சார் எல்லாருக்கும் சொல்வீங்க? யாரோடது?"

அவர் சொல்லாமல் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான் அவளுக்கு அனுமதி. மீதி எவ்வளவு என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுபத்திரண்டாவது" என்றார்.

"இவ்ளோ நாள் கழிச்சுமா?"

"இன்னிக்குத்தான் ஏறினே. அதுவரைக்கும் உன் ஃபைலை நான்தான்க்கா திருப்பி அனுப்பிட்டிருந்தேன்."

அக்கா பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"நீ திருப்பியிருந்தா, அதுல ஏதாவது தப்பு இருந்திருக்கும்டா."

"ஒரு தப்பும் இல்லக்கா" என்றார் கறார்.