பரோல் என்ற சொல்

பரோல் பிரெஞ்சுக்காரன் கொடுத்த சொல். அவன் மொழியில் அதற்கு வாய்ச்சொல் என்றுதான் பொருள். போரில் பிடிபட்டவன், தப்பி ஓடமாட்டேன் என்று தன் மானத்தின் மேல் வாக்குக் கொடுத்தால், அதை மட்டும் நம்பி வெளியே விடுவார்களாம். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கிறேன். வருஷா வருஷம் இந்தக் கதையைச் சொல்லிப் பிள்ளைகளிடம் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். என் அண்ணன் ஆயுள் கைதி என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

வரப்புத் தகராறில் ஒரு கொலை. அந்த நிலத்தில் பாடுபட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தான்.

அம்மாவுக்கு முடியாமல் போனதும் மதினி பரோலுக்கு மனுப் போட்டாள். விசாரிக்க என் வீட்டுக்கு வந்த ஏட்டு நல்ல விதமாகத்தான் பேசினார்.

"கைதி வாக்கை இப்ப யாரு சார் நம்புறா? வெளிய ரெண்டு பேரு ஜாமீன் நிக்கணும். ஒங்களை மாதிரி வாத்தியார் கையெழுத்துப் போட்டா எங்கய்யா மறுக்க மாட்டாரு."

சட்டைப் பையில் பேனா இருந்தது. துறைத் தலைவர் பதவி அந்த மாதம்தான் எனக்கு வரவிருந்தது. போலீஸ் ஸ்டேஷன் காகிதத்தில் என் பெயர் ஏறினால் அது என்னவாகும் என்று யோசித்தேன்.

"வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேண்ணே."

ஒருவரோடும் பேசவில்லை. மதினி மூன்று முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. கடைசியில் அவள் வேலை பார்க்கும் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கூடை சுமக்கும் இரண்டு பேர் ஜாமீனுக்கு வந்தார்கள். அண்ணனை அவர்கள் பார்த்ததுகூட இல்லை. "எங்க அக்கா வீட்டுக்காரரு, ஓட மாட்டாரு" என்றார்களாம். காகிதம் மேசை மேசையாக நகர்வதற்குள் அம்மா போய்விட்டாள்.

கடைசி நாலு நாளும் வாசலைப் பார்த்தபடி, "மூத்தவன் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள். "வந்துக்கிட்டே இருக்கான்மா" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் வழக்கத்தில் தாய்க்குக் கொள்ளி வைப்பவன் இளைய மகன். அந்த மரியாதையும் எனக்கே வந்தது. அண்ணனைச் சில மணி நேரத்துக்குப் போலீஸ் காவலோடு சுடுகாட்டுக்குக் கூட்டிவந்தார்கள். வாய்க்கரிசி போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"தம்பி, அம்மா என்னையத் தேடுச்சாடா?"

"இல்லண்ணே. நினைவே இல்லாமத்தான் கெடந்துச்சு."

அவன் மனசு நோகக் கூடாதென்று சொன்னதல்ல. தேடினாள் என்றால், ஏன் இம்புட்டு நாள் ஆச்சு என்று அடுத்துக் கேட்பான்.

"நல்லவேளைடா" என்று என் தோளைத் தட்டினான். நம்பிவிட்டான்.