தையல் நூல் திரி

எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்த பரிசுகளை மறுநாள் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். சுவர்க்கடிகாரம் ஏழு, அதில் மூன்று ஒரே மாடல். கண்ணாடிச் சட்டம் போட்ட பிள்ளையார் நான்கு. ஹாட்பாக்ஸ் செட் ஐந்து. பிளாஸ்டிக் மூங்கில் செடி ஒன்று. சிரிக்கும் சீனத் தொப்பைக்காரர் இரண்டு. வீட்டில் செய்த வாசனை மெழுகுவர்த்தி பதினொன்று.

மற்றவற்றுக்காவது ஏதோ ஒரு வேலை உண்டு. மெழுகுவர்த்திக்கு எங்கள் வீட்டில் என்ன வேலை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது. சாமி அறையில் எண்ணெய் விளக்கு இருக்கிறது. பால் காய்ச்சிய வீட்டில் வாயால் ஊதி அணைக்கிற விளக்கு எதற்கு என்று அம்மா பதினொன்றையும் பரணில் ஏற்றிவிட்டார். சித்திரை வெயிலில் அவை இளகிச் சாய்ந்து, ஒரு ஹாட்பாக்ஸ் அட்டைப்பெட்டியோடு ஒட்டிக்கொண்டன.

எல்லாவற்றிலும் ஒரு சின்ன அட்டை தொங்கியது: ‘அன்போடு கையால் செய்தது.’ எனக்கு அந்த அட்டையின் மேல்தான் அதிக எரிச்சல். திருப்பூரில் ஒரு பனியன் பெட்டிக்குள் போவதற்குள் அதன் மேல் எத்தனை கை பட்டிருக்கும்! அதில் யாரும் அன்பைப் பற்றி லேபிள் தைப்பதில்லை. சைஸ், துணியின் கலவை, துவைக்கும் முறை, இவ்வளவுதான். படிப்பவருக்கு அது பயன்படும்.

என் வேலையும் அந்த மாதிரிதான். சாயப்பட்டறை ஒன்றின் ஆய்வகத்தில் இருக்கிறேன். துணியைத் தேய்த்துப் பார்ப்பது, துவைத்துப் பார்ப்பது, சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பது. பார்க்காமல் எதையும் நல்லது என்று எழுதுவதில்லை. அதனால்தான் பெரியம்மா மகள் மெழுகுவர்த்தி செய்யத் தொடங்கியபோது நான் ஒரு வார்த்தைகூடப் பாராட்டவில்லை.

அக்கா முன்பு ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டரும் தரமும் பார்த்துச் சரக்கு அனுப்புகிற மெர்ச்சண்டைசர். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். மாமா, அதாவது அவள் கணவர், பெருமாநல்லூர் ரோட்டில் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறார். வந்து பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்குத் தனக்கென்று ஒரு தொழில் வேண்டும். முன்னறையில் அடுப்பு, மெழுகு, வாசனை எண்ணெய் என்று பரப்பி வைத்திருந்தாள். அவள் மாமியார் அதற்கு ‘மெழுகு வெளையாட்டு’ என்று பெயர் வைத்திருந்தார்.

அப்போதுதான் முதல் பெரிய ஆர்டர் வந்தது. ஒரு கம்பெனி முதலாளியின் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். தாம்பூலப் பையில் போட நூற்றைம்பது மெழுகுவர்த்தி. வீட்டில் பேச்சு முடிவானது: இதைப் பார்த்து அடுத்த மாதம் முதல் தேதிக்குள் இன்னொரு ஆர்டர் வந்தால் முன்னறை அவளுக்கு. வராவிட்டால் பேக்கிங் டேபிள்.

விசேஷம் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு காலை என்னைக் கூப்பிட்டாள். கட்டில் முழுக்க மெழுகு ஊற்றி மூடி போட்ட கண்ணாடி டம்ளர்கள். மல்லி, வெட்டிவேர், ஃபில்டர் காபி, மழை மண் என்று நான்கு வாசம். மழை பெய்தால் சாயக்கழிவு ஓடுகிற நொய்யல் ஆற்றுப் பக்கம் என்ன வாசம் வரும் என்று எனக்குத் தெரியும். அதை யாரும் கண்ணாடிக்குள் பிடித்து வைக்க மாட்டார்கள்.

“எப்படி இருக்குது அம்முணி? உன்ற வாயால ஒரு தடவ நல்லாருக்குதுன்னு சொல்லேன்.”

“பத்த வெச்சுப் பாத்தியாக்கா?”

“ஃபோட்டோ எடுக்கைல ஒரு நிமிசம் வெச்சேன். பொறவு ஊதிட்டு வேற திரி மாத்திட்டேன். கருகுன திரியோட எப்புடி பேக் பண்றது?”

“ஒண்ணுகூட முழுசா எரிய உடலியா?”

“ஒண்ணு கொறஞ்சுருமில்ல. சரியா நூத்தம்பது டம்ளர்தான் வாங்கியிருக்குது.”

கப்பலுக்குப் போகிற சட்டையில் ஒரு பொத்தான் தளர்வாக இருந்தாலும் திருப்பி அனுப்பியவள் இவள். நான் ஒரு வெட்டிவேரை எடுத்துப் பற்ற வைத்தேன். சுடர் சாய்ந்தது. கறுப்பாக ஒரு புகைக்கோடு எழுந்தது. நான்காவது நிமிடம் அணைந்துபோனது. திரியின் நுனியில் கறுப்பாக, கடினமாக ஒரு உருண்டை. அடுத்து ஒரு மல்லி. அதுவும் அப்படியே.

இன்னொன்றிலிருந்து திரியைப் பிடுங்கி, மெழுகைத் துடைத்துவிட்டு, நெருப்பில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம் வரும்; சாம்பல் விரலில் பொடியும். இது நெருப்பைக் கண்டு சுருங்கி விலகியது. இனிப்பாக ஒரு பிளாஸ்டிக் நெடி. ஜவுளிப் படிப்பில் முதல் வருடம் சொல்லித்தருகிற பரிசோதனை.

“இது என்ன நூலுக்கா?”

“காட்டன்தான். ஆன்லைன்ல போட்ட திரி வந்து சேரல. மாமாகிட்ட வெள்ளை நூல் நாலு கோன் குடுத்து உடச் சொன்னேன். முறுக்கிப் போட்டுட்டேன்.”

“கம்பெனில எங்கிருந்து எடுத்தாங்க?”

“தையல் ஹால்ல இருந்துதான்...” என்றவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

இந்த ஊரில் நூல் என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். துணி பின்னுகிற நிட்டிங் மில்லில் நூல் என்றால் பருத்தி. தையல் ஹாலில் நூல் என்றால் தைக்கிற நூல், அது பாலியஸ்டர். இரண்டும் வெள்ளைக் கோனில்தான் வரும். வேறு ஊர்க்காரர் கடையில் போய்த் திரி என்று கேட்டு வாங்கியிருப்பார். நாங்கள்தான் வீட்டிலேயே நூல் இருக்கிறதே என்று நினைப்போம்.

மாமியார் வாசலில் வந்து நின்றார். “என்ன கண்ணு, பொக நாத்தம் தெரு வரைக்கும் வருது? கொசுவத்திகூட ஊதுனாத்தான் அணையும். உன்றது தானாவே அணைஞ்சுக்குமாட்ட.”

மாமா எட்டிப் பார்த்து, “அப்புடியே குடுத்துரு. கேட்டா பாத்துக்கலாம்” என்றார். அக்கா போனை எடுத்தாள். ஆர்டர் கொடுத்த முதலாளி வீட்டு அம்மாவுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். திரி தப்பாகிவிட்டது, எரியாது, மாற்ற வேண்டும் என்று.

அந்தப் பக்கம் சிரிப்பு. “அட, அத ஆரு கண்ணு பத்த வெக்கப் போறாங்க? ஷோகேஸ்ல வெப்பாங்க. இல்லாட்டி அடுத்த விசேசத்துக்குக் கை மாத்தி உட்ருவாங்க. டப்பா நல்லாருக்குதில்ல, அது போதுஞ் சாமி. நீ வெசனப்படாத.”

நான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அந்த அம்மாவும் சொன்னார். ஆனால் அவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. நான் வேண்டாம் என்று நினைப்பதை வாங்குவதில்லை. அவர் யாருக்கும் பயன்படாது என்று தெரிந்தே நூற்றைம்பது வாங்குகிறார். அதற்கு அன்பு என்றும் பெயர் வைக்கிறார்.

போனை வைத்த அக்கா ஒரு டம்ளரின் மூடியைத் திறந்து திரியைப் பிடுங்கினாள். “மாத்திரலாம் அம்முணி.”

“அவங்களே போதும்னுட்டாங்க, உனக்கென்ன?” என்றார் மாமா.

“நூத்தம்பதுல எவளோ ஒருத்தி பத்த வெச்சுத் தொலைப்பாளுங்க. புது ஊட்டுல குடுத்த வெளக்கு அணைஞ்சா, எம் பேரைச் சொல்லித்தான் அணையும்.”

திங்களும் செவ்வாயும் லீவு போட்டேன். மெழுகுவர்த்தி மேல் வந்த மரியாதையால் அல்ல. தப்பு என்று தெரிந்த சரக்கு வெளியே போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. நிட்டிங் மில்லிலிருந்து இரண்டு கோன் பருத்தி நூல் வாங்கிவந்து, இழைகளைச் சேர்த்து நான்கு தடிமனில் திரி பின்னி, நோட்டில் எழுதிக்கொண்டேன். பன்னிரண்டு இழை: உருகிய மெழுகிலேயே மூழ்கி அணைந்தது. பதினாறு: நடுவில் மட்டும் குழி தோண்டிக்கொண்டு இறங்கியது. இருபத்துநான்கு: சுடர் விரல் நீளம், புகை. இருபது: மேல்மெழுகு கண்ணாடி ஓரம் வரை சமமாக உருகியது, அணையவில்லை.

பிறகு நூற்றைம்பதையும் சுடுதண்ணீரில் இறக்கி உருக்கி, பழைய திரியை இடுக்கியால் பிடுங்கி, புதுத் திரி நட்டோம். இரண்டாம் முறை உருக்கியதில் வாசம் குறைந்தது. மழை மண்ணில் வாசமே இல்லாமல் போனது. அதை நான் முன்னேற்றம் என்றே எழுதினேன். அக்கா சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். மூன்று மாடி, வெளியே தெரிகிற மாதிரி கண்ணாடி லிஃப்ட், வாசலில் செயற்கை அருவி. பந்தி முடிந்து வந்தவர்களுக்குத் தேங்காய், வெற்றிலை பாக்கு, மெழுகுவர்த்தி போட்ட பையை அக்காவே நின்று கொடுத்தாள்.

“மொதத் தடவ பத்த வெச்சா ரெண்டு மணி நேரம் எரிய உடுங்க. அப்பத்தான் சமமா உருகுமுங்க.”

“செரிங்க கண்ணு” என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பெண் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: “காப்பி வாசமாமா. அதுக்குக் காப்பித் தூளே குடுத்திருக்கலாமில்ல?” பந்திக்கூடத்தில் நாற்காலிகளின் கீழே சில மெழுகுவர்த்திகள் கிடந்தன. தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

இரண்டு வாரம் ஒரு போனும் வரவில்லை. மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நான் அக்கா வீட்டில் இருந்தபோது ஒன்று வந்தது; ஸ்பீக்கரில் போட்டாள். அந்த விசேஷத்துக்கு வந்த ஒருவர்.

“ஏனுங்க, அன்னிக்குக் குடுத்தீங்கல்ல, அது இன்னும் ரெண்டு டசன் கெடைக்குமுங்களா?”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “கெடைக்குமுங்க. எந்த வாசம் வேணுமுங்க? எரிய உட்டுப் பாத்தீங்களா?”

“இல்லீங்க, மெழுகச் சுடுதண்ணில போட்டுச் சொரண்டி எடுத்துட்டனுங்க. கடுகு, சீரகம் போட்டு வெக்க அளவா இருக்குது. மூடியும் நல்லாக் கெட்டியா நிக்குது. வெறும் டம்ளர் மட்டும் போதுமுங்க.”

அடுத்த அறையிலிருந்து மாமா எழுந்து வந்து, சரி என்று சொல் என்பதுபோல் கையை ஆட்டினார். மாமியார்கூட டிவியின் சத்தத்தைக் குறைத்தார். ஆர்டர் ஆர்டர்தான், பேசியபடி அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள அவர்கள் தயார். முன்னறை அவளுக்குக் கிடைத்திருக்கும்.

“நான் டம்ளர் விக்கறதில்லீங்க” என்றாள் அக்கா. “பாத்திரக் கடைல கெடைக்குமுங்க.” போனை வைத்துவிட்டாள்.

“வந்த ஆர்டரத் தள்ளுவாங்களா?” என்று மாமா அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்றும் யாராவது கிடைத்தால் சொல்லிச் சிரிக்கிறார். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை.

முதல் தேதி காலை எட்டரை மணிக்கு அக்கா பேக்கிங் டேபிளுக்குப் போனாள். முன்னறையில் மாமியார் தன் கட்டிலைப் போட்டுக்கொண்டார். அந்த வாரம் யூனிட் பக்கம் போனபோது அவளைப் பார்த்தேன். டி-ஷர்ட்டுகளை மடித்துப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“எப்படிக்கா இருக்குது?”

“பரவால்ல அம்முணி.” அடுத்த டி-ஷர்ட்டை எடுத்து, தோள் தையலை இழுத்துப் பார்த்தாள். “இதையாச்சும் பிரிச்சுப் போட்டுக்குவாங்க.”