கெங்கவல்லி பாக்கு மட்டைத் தட்டும் ஒரு தூக்கு ரசமும்

சேலத்துக்கு ஒரு வேலையாக வந்தவன், சூரமங்கலத்தில் ரயில்வே நண்பன் வீட்டில் மூன்று நாள் உட்கார்ந்ததில் இருப்புக் கொள்ளாமல் தவித்தேன். கெங்கவல்லிப் பக்கம் ஐந்து இளைஞர்கள் தோப்பில் உதிரும் பாக்கு மட்டையில் சாப்பாட்டுத் தட்டு செய்கிறார்கள் என்று அவன் சொன்னதுதான் தாமதம், ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை காலை கிளம்பிவிட்டேன்.

புதிய பேருந்து நிலையத்தில் ஆறரை மணிக்கு ஆத்தூர் வண்டி. சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், எனக்கு நாற்பத்தைந்து ரூபாய் ஆனது. வாழப்பாடியில் டிரைவர் டீ குடித்து முடிக்கும்வரை அவர் டம்ளரையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஆத்தூரிலிருந்து கெங்கவல்லிக்கு இன்னொரு வண்டி, இருபது ரூபாய். தட்டு செய்யும் ஷெட்டுக்கு எங்கே இறங்குவது என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

“அந்தப் பசங்க ஷெட்டா? மூடப் போறாங்கன்னு பேச்சு. சீக்கிரம் போய்ப் பாத்துடுங்க சார்” என்றார். மிச்ச தூரம் உட்காரவே முடியவில்லை.

ஷெட் தோப்பை ஒட்டியே இருக்கிறது. நடத்துவது நந்தினி, இருபத்துமூன்று வயது. கூட நான்கு பையன்கள். முன்பெல்லாம் உதிர்ந்த மட்டை மாட்டுக்குப் போகும், மிச்சத்தைக் கொளுத்துவார்கள். இவர்கள் அதை ஊறவைத்துக் கழுவி, நீர் வடிந்ததும் மோட்டார் இயந்திரத்தின் சூடான அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். பசை கிடையாது, சாயம் கிடையாது. வெட்டிய ஓரம் எருக்குழிக்குப் போகிறது.

மூடப் போவது உண்மையா என்று கேட்டேன். “இன்னைக்குத் தெரிஞ்சிடும் சார். ராசிபுரத்துலேர்ந்து சமையல் கான்ட்ராக்டர் தட்டு பாக்க வர்றாரு. ஆவணிக் கல்யாணம் நெறைய அவர் கையிலதான் இருக்கு. அவரு எடுக்கலைன்னா இவங்க நாலு பேரும் திங்கக்கிழமை திருப்பூர் போயிடுவாங்க. நான் ஒருத்தி என்ன பண்றது?” என்றார் நந்தினி. பையன்கள் காதில் விழாத மாதிரி மட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

கான்ட்ராக்டர் குமாரசாமி பத்து மணிக்கு வந்தார். கையில் ஒரு தூக்கு நிறையக் கொதிக்கும் ரசம்! காலையில் செய்த தட்டொன்றில் ஊற்றினார். ஒழுகவில்லை, வளையவில்லை. நான் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது தட்டின் விளிம்போரம் ரசத்தில் ஒரு சிவப்பு இழை.

“ஏனுங்க, சாயமே இல்லீன்னீங்க. இதென்னங்க செவப்பு?” என்றார் குமாரசாமி.

நந்தினி குனிந்து தட்டைப் பார்த்தார். பையன்களில் ஒருவனான வினோத்தான் முன்னால் வந்தான். “குங்குமங்க. ஆடி வெள்ளின்னு பொட்டு வெச்சேன். எப்பவும் மோட்டாருக்குத்தான் வெப்போம். நமக்குச் சோறு போடப் போறது அச்சுதானேன்னு இன்னைக்கு அதுக்குள்ளயே வெச்சுட்டேன். தொடச்சேங்க. விளிம்புக் கோட்டுல தங்கிடுச்சு போல.”

இந்தப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை பொட்டு இல்லாத இயந்திரம் அபூர்வம். ஆனால் குமாரசாமி சிரிக்கவில்லை. “பந்தியில இப்பிடி ஆச்சுன்னா அப்புறம் என்னைய யாருங்க கூப்புடுவாங்க?” என்று எழுந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் பொங்கியது. யோசித்தால் அவர் கேட்டதும் நியாயம்தான்.

“அரை மணி நேரம் இருங்கண்ணா” என்றார் நந்தினி. குமாரசாமியின் கண்ணெதிரிலேயே அச்சைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் பலமுறை துடைத்து, புது மட்டையை வைத்து அழுத்தினார்கள். தூக்கில் மிச்சமிருந்த ரசம் அதில் விழுந்தது. ஆறும்வரை எல்லோரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். நிறம் மாறவில்லை. குமாரசாமி தட்டைத் தூக்கி அந்த ரசத்தைக் குடித்தே பார்த்தார்.

“மொத முகூர்த்தத்துக்கு மட்டும் அனுப்புங்க. நல்லாப் போச்சுன்னா மத்ததப் பேசிக்கலாம். பொட்டு வேண்டாம்னு சொல்லலீங்க சாமி, செவுத்துல வெய்யுங்க.”

போக விரும்புகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் மட்டை பூஞ்சை பிடித்துவிடும், வேலை மந்தமாக இருக்கும். கோடையில் போங்கள். மதியம் பேருந்து குறைவு, சாப்பாட்டை ஆத்தூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கழிவிலிருந்து தொழில், இளைஞர் முன்னேற்றம் என்று மேடைகளில் சுலபமாகப் பேசிவிடுகிறோம். அங்கே அது ஒரு தூக்கு ரசத்தை நம்பி நிற்கிறது.

நான் புறப்படும்போது வினோத் திருப்பூர் நண்பனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். “திங்கக்கிழமை வரலடா மச்சான். ஒரு முகூர்த்தம் பாத்துட்டுச் சொல்றேன்... ரூம்ல என் எடத்த மட்டும் யாருக்கும் குடுத்துடாத.”

பக்கத்தில் நின்ற நந்தினிக்கும் அது கேட்டது. அடுத்த மட்டையை எடுத்து அச்சில் வைத்தார்.